ஆழ்கடல் சேத்துல புது பாக்டீரியா தேடுறது எப்படி, கிடைச்சத வகைப்படுத்தி பேர் வைக்கிறது எப்படி

ஆழ்கடல் அடில இருந்து ஒரு கிராம் சேறு கிடைச்சா போதும், இதுவரைக்கும் யாரும் பேர் வைக்காத பாக்டீரியா அதுல கண்டிப்பா இருக்கும், அதுல சந்தேகமே வேணாம். சிக்கல் எங்கன்னா, அத அப்படியே பிளேட்ல (தீனி கலந்த ஜெல்லி ஊத்தின தட்டு) தடவி வச்சா மொத ரெண்டு மூணு நாள்ல மளமளன்னு எழுந்து வர்றது எல்லாம் ஏற்கனவே பேர் வாங்கின ஆளுங்க தான். ஹாலோமோனாஸ், சூடோஆல்டிரோமோனாஸ், பேசில்லஸ்னு வரிசையா வந்து நிக்கும், அதையே எடுத்து சீக்வென்ஸ் பண்ணி (டிஎன்ஏ எழுத்து வரிசைய படிச்சு) காச கரைக்கிறவங்க நிறைய பேர். புதுசு வேணும்னா லேட்டா வர்றதுக்காக காத்திருக்கணும், அது வர்ற வரைக்கும் அத சாகவிடாம பாத்துக்கணும், வந்தப்புறம் இது நிஜமாவே புதுசுன்னு அடுத்தவங்க ஒத்துக்கிற மாதிரி காட்டணும். மூணுல எது கஷ்டம்னு கேட்டா நான் மொதல் ரெண்டையும் தான் சொல்வேன், மூணாவதுக்கு இப்ப சாஃப்ட்வேர் இருக்கு.

சேறு மேல வர்ற விதத்துல இருந்தே ஆரம்பிப்போம், ஏன்னா இங்க கோட்டை விட்டா பின்னாடி எந்த லேபும் காப்பாத்தாது. கிராப்னு ஒரு கருவி இருக்கு, வாயத் தொறந்துட்டு போய் அள்ளிட்டு வரும், மேல இருந்தது கீழ இருந்தது எல்லாம் ஒண்ணா கலந்து வரும், நம்ம வேலைக்கு அது ஆகாது. மல்டிகோரர் கிடைச்சா அதான் பெஸ்ட், ஒரே இறக்கத்துல பல டியூப் மெதுவா மண்ணுக்குள்ள போய், சேத்துக்கு மேல நிக்கிற தண்ணி கூட கலங்காம வெளில வரும். மீட்டர் கணக்குல ஆழம் வேணும்னா கிராவிட்டி கோரர், பிஸ்டன் கோரர்னு போகணும், ஆனா அதுல மேல் மண் கலைஞ்சு போக வாய்ப்பு அதிகம், அதனால மேல் அடுக்குக்கு மல்டிகோரர், கீழ் அடுக்குக்கு அது, ரெண்டும் எடுத்தா நிம்மதி.

கோர், அதாவது டியூபுக்குள்ள வந்த மண் தூண், கப்பல் டெக்குக்கு வந்த நிமிஷத்துல இருந்து ஓட்டம் தான். கீழ 2ல இருந்து 4 டிகிரில கிடந்த சேறு அது, வெயில்ல அரை மணி நேரம் நின்னா உள்ள இருக்கிற குளிர் பிரியர்கள் பாதி காலி. குளிர் அறைக்குள்ள கொண்டு போய், முனைய வெட்டின ஸ்டெரைல் சிரிஞ்ச நடுவுல குத்தி எடுங்க, டியூப் சுவர ஒட்டின மண்ண தொடாதீங்க, அது மேல் அடுக்குல இருந்து இழுபட்டு வந்தது. ஒவ்வொரு அடுக்கையும் மூணா பிரிக்கணும். கல்ச்சருக்கு, அதாவது வளக்குறதுக்கு போறது 4 டிகிரில, ஃப்ரீசர் பக்கமே போகக்கூடாது. டிஎன்ஏவுக்கு போறது உடனே மைனஸ் 80 இல்லன்னா லிக்விட் நைட்ரஜன். செல் எண்றதுக்கு போறது ஃபார்மால்டிஹைடுல ஃபிக்ஸ் பண்ணி வைக்கணும். அதோட இடத்தோட அட்சரேகை தீர்க்கரேகை, தண்ணி ஆழம், கோருக்குள்ள எத்தனாவது சென்டிமீட்டர், தேதி, அடி வெப்பநிலை, எல்லாத்தையும் டியூப்லயும் நோட்லயும் ரெண்டு இடத்துல எழுதுங்க. கடைசில இனத்த விவரிக்கும்போது இந்த விவரம் இல்லாம ஒரு வரி கூட நகராது.

ஆக்சிஜன் எவ்ளோ ஆழம் வரைக்கும் இறங்குதுன்னு ஒரு மைக்ரோசென்சார் வச்சு அளந்துடுறது நல்லது. கரையோர சேத்துல சில மில்லிமீட்டர்லயே ஆக்சிஜன் தீந்துடும், அப்புறம் நைட்ரேட், மாங்கனீஸ், இரும்பு, சல்ஃபேட்னு ஒவ்வொண்ணா மூச்சுக்கு பயன்படுத்திக்கிட்டு அடுக்கடுக்கா வேற வேற கூட்டம் வாழும். ஆனா தென் பசிபிக் பெருஞ்சுழலுக்கு (கடல் நீரோட்டம் வட்டமா சுத்துற பெரிய பரப்பு) கீழ இருக்கிற மாதிரி சத்தே விழாத இடத்துல ஆக்சிஜன் அடிப்பாறை வரைக்கும் போகுது. உங்க அடுக்கு எதுன்னு தெரியாம மீடியா (பாக்டீரியாவுக்கு போடுற தீனிக் கலவை) போட்டா குருட்டாம்போக்கு தான்.

பர்மிஷன் பத்தி இங்கயே சொல்லிடுறேன், பலர் கடைசில தான் யோசிக்கிறாங்க. கரையில இருந்து 200 கடல் மைலுக்குள்ளன்னா அந்த நாட்டோட அனுமதி வேணும், 2014ல அமலுக்கு வந்த நகோயா உடன்படிக்கையும் (ஒரு நாட்டோட உயிரி வளத்த எடுக்குறதுக்கும் அதோட பலன பகிர்றதுக்கும் ஆனது) சேர்ந்து வரும். அதுக்கு வெளியன்னா 2023ல ஏத்துக்கிட்ட, 2026 ஜனவரில அமலுக்கு வந்த ஐநா பொதுக்கடல் ஒப்பந்தம் இருக்கு. இது வெறும் பேப்பர் வேலை இல்ல. பேர் செல்லுபடி ஆகணும்னா உங்க ஸ்ட்ரெயின் (நீங்க தனியா பிரிச்சு வளத்த பாக்டீரியா) யார் கேட்டாலும் கொடுக்குற மாதிரி பொது கல்ச்சர் கலெக்ஷன்ல (உயிருள்ள நுண்ணுயிர சேமிச்சு வைக்கிற நிலையம்) இருக்கணும், அனுமதில தடை இருந்தா கலெக்ஷன் வாங்க மாட்டான், பேரும் நிக்காது.

சரி லேபுக்கு வருவோம். மொதல்ல ஃபிக்ஸ் பண்ணி வச்சத சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்ல எண்ணுங்க, அப்பதான் எத்தனை மடங்கு டைல்யூட் பண்ணணும்னு தெரியும். சத்து உள்ள மேல் சேத்துல ஒரு கன சென்டிமீட்டருக்கு கோடிக்கணக்குல செல் இருக்கும், பெருஞ்சுழல் மாதிரி பட்டினி இடத்துல சில ஆயிரம் தான். எண்ணினதுக்கும் பிளேட்ல வர்றதுக்கும் இடைல இருக்கிற வித்தியாசத்த பாத்து மனசு விட்டுடாதீங்க, மைக்ரோஸ்கோப்ல தெரியுறதுல ஒரு சதவீதம் கூட பிளேட்ல வராது. இதுக்கு 1985ல ஸ்டேலியும் கொனோப்காவும் பெரும் பிளேட் எண்ணிக்கை முரண்னு பேரே வச்சுட்டாங்க. வளராதது எல்லாம் செத்ததுன்னு அர்த்தம் இல்ல, தென் பசிபிக்ல 10 கோடி வருஷத்துக்கும் பழைய சேத்துல இருந்த செல்லுக்கு தீனி போட்டப்ப அது முழிச்சு பெருகினத 2020ல ஒரு ஜப்பான் தலைமையிலான குழு காட்டிருக்கு.

மீடியா விஷயத்துல எல்லாரும் கை வைக்கிறது சோபெல் 2216. கடல் பாக்டீரியா ஆராய்ச்சியாளர் கிளாட் சோபெல் 1940கள்ல கொண்டு வந்தது, லிட்டருக்கு 5 கிராம் பெப்டோன், 1 கிராம் ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட். நல்ல மீடியா தான், ஆனா ஆழ்கடல் சேத்துக்கு இது ரொம்ப ரிச், மாசக்கணக்கா பட்டினி கிடந்தவனுக்கு முன்னாடி விருந்து இலைய விரிச்ச மாதிரி. வேகமா தின்னுறவன் மட்டும் பிளேட்ட பிடிச்சுப்பான். அதனால பத்துல ஒரு பங்கா குறைச்சு ஒண்ணு, நூறுல ஒரு பங்கா குறைச்சு ஒண்ணு, உப்ப மட்டும் குறைக்காம கடல் அளவுலயே விட்டு போடுங்க. இன்னொரு சின்ன விஷயம், செலவே இல்லாதது: பாஸ்பேட்டையும் அகாரையும் (பிளேட்ட கெட்டியாக்குற கடல்பாசி ஜெல்லி) ஒண்ணா ஆட்டோகிளேவ் (நீராவி அழுத்தத்துல கிருமி நீக்கம்) பண்ணாதீங்க, ஒண்ணா கலந்து சூடாக்கினா ஹைட்ரஜன் பெராக்சைடு உருவாகுது, தனித்தனியா ஆட்டோகிளேவ் பண்ணி ஆறினப்புறம் கலந்தா வர்ற காலனி (பாக்டீரியா பெருகி கண்ணுக்கு தெரியுற புள்ளி) எண்ணிக்கை நல்லாவே கூடுதுன்னு 2014ல காட்டிருக்காங்க. பைருவேட் இல்லன்னா கேட்டலேஸ் கொஞ்சம் சேத்தாலும் அந்த பெராக்சைடு தொல்லை குறையும். அகாருக்கு பதிலா ஜெல்லன் கம் போட்டு பாக்கலாம், அகார்ல வராத சிலது அதுல வரும்.

இப்ப காத்திருக்கிற வேலை. பிளேட்ட 4 டிகிரில ஒரு செட், 10ல ஒரு செட், 15ல ஒரு செட்டுன்னு வைங்க, காஞ்சு போகாம ஓரத்த பாராஃபில்ம் சுத்தி டப்பாக்குள்ள போடுங்க. வாரத்துக்கு ஒரு தடவ எடுத்து, புதுசா வந்த காலனிய பிளேட்டோட பின்பக்கம் மார்க்கர்ல வட்டம் போடுங்க, ஒவ்வொரு வாரத்துக்கும் ஒவ்வொரு கலர். மொத வார கலர கண்டுக்காதீங்க. மூணு நாலு வாரம் கழிச்சு வர்ற, ஊசி முனை அளவு, நிறமே இல்லாம கண்ண சுருக்கி பாத்தா தான் தெரியும்ங்கிற காலனி இருக்கு பாருங்க, அதான் உங்க ஆளு. ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப் இல்லாம இந்த வேலைய செய்யாதீங்க, கண்ணுக்கு தெரிஞ்சத மட்டும் எடுத்தா திரும்ப ஹாலோமோனாஸ் தான் கிடைக்கும். எடுத்தத மூணு தடவையாவது திரும்ப திரும்ப ஸ்ட்ரீக் பண்ணி (புது பிளேட்ல கோடா இழுத்து) தனி காலனி ஆக்கணும். சிலது தனியா எடுத்ததும் வளராம நின்னுடும், பக்கத்து காலனி கசியவிட்ட எதையோ நம்பி வாழ்ந்திருக்கும், அப்ப அந்த பக்கத்து ஆள வளத்த மீடியாவ ஃபில்டர் பண்ணி கொஞ்சம் ஊத்தி பாருங்க. சுத்தம் ஆன அன்னைக்கே 20 சதவீதம் கிளிசரால்ல மைனஸ் 80ல வச்சுடுங்க, வேற வேற ஃப்ரீசர்ல ரெண்டு காப்பியா.

ஆக்சிஜன் படக்கூடாத கூட்டத்துக்கு ஹங்கேட் முறை. மீடியாவ கொதிக்க வச்சு நைட்ரஜன் ஊதி, சிஸ்டீனோ சோடியம் சல்ஃபைடோ போட்டு, ரப்பர் அடைப்பான் போட்ட டியூப்ல அடைக்கிறது. கூட ஒரு துளி ரெசாசுரின் போட்டு வைங்க, ஆக்சிஜன் உள்ள வந்தா பிங்க் ஆயிடும், நிறமில்லாம இருந்தா பிழைச்சோம். இந்த பக்கத்துல பொறுமைக்கு எல்லை எதுன்னு தெரியணும்னா ப்ரோமிதியோஆர்க்கியம் கதைய பாருங்க. அது பாக்டீரியா இல்ல, ஆர்க்கியா (பாக்டீரியா மாதிரியே ஒத்த செல்லு, ஆனா தனி வம்சம்), இருந்தாலும் பாடம் ஒண்ணு தான். 2006ல ஜப்பான் பக்கம் நன்காய் பள்ளத்துல 2533 மீட்டர் ஆழத்துல எடுத்த சேத்த, ஸ்பாஞ்ச் தொங்கவிட்ட ஒரு பயோரியாக்டர்ல மீத்தேன் ஓடவிட்டு 2000 நாளுக்கு மேல வச்சிருந்தாங்க, அப்புறம் சின்ன டியூப்ல வளத்தா அது ரெண்டு மடங்கு ஆகுறதுக்கே 14ல இருந்து 25 நாள் எடுத்துக்குது, எல்லாம் சேர்ந்து ஒரு 12 வருஷம், 2020ல தான் பேப்பர் வந்துச்சு. நம்ம டியூப்ல ஒரு மாசமா கலங்கல் இல்லன்னு தூக்கி போடுறதுக்கு முன்னாடி இத ஒரு தடவ நினைச்சுக்கலாம்.

அழுத்தம் கட்டாயம் வேணுமான்னு நிறைய பேர் கேக்குறாங்க. 10 மீட்டருக்கு ஒரு அட்மாஸ்பியர் கணக்கு, 4000 மீட்டர்னா கிட்டத்தட்ட 400 அட்மாஸ்பியர். நல்ல செய்தி என்னன்னா ஆழ்கடல் பாக்டீரியால நிறையவே சாதா அழுத்தத்துலயும் வளரும், கொஞ்சம் மெதுவா. கெட்ட செய்தி, வளராததும் இருக்கு. யாயனோஸ் குழு மரியானா பள்ளத்துல 10,476 மீட்டர் ஆழத்துல பிடிச்ச ஆம்பிபாட்ல (இறால் மாதிரி சின்ன உயிரி) இருந்து எடுத்து 1981ல வெளியிட்ட எம்டி41 ஸ்ட்ரெயின் 380 பார்ல கூட வளரல, அதுக்கு பிடிச்சது 2 டிகிரியும் 690 பாரும். அந்த பள்ளத்தோட ஆழமான இடமான சேலஞ்சர் டீப் சேத்துல இருந்தே எடுத்த ரெண்டு ஸ்ட்ரெயின 1998ல வெளியிட்டாங்க, ஷெவனெல்லா ஒண்ணு மோரிட்டெல்லா ஒண்ணு. செட்டப் ஒண்ணும் மந்திரம் இல்ல, ஒரு உறுதியான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பாத்திரம், கைப்பம்பு, உள்ள தண்ணி, கல்ச்சர காத்துக்குமிழி இல்லாம பிளாஸ்டிக் பைல சீல் பண்ணி போடணும், குமிழி இருந்தா பை நசுங்கிடும். ஆனா ஒவ்வொரு தடவ தொறக்கும்போதும் அழுத்தம் இறங்கும், அதனால ஒரே பாத்திரத்துல பத்து பைய போட்டு தினம் தொறந்து பாக்காதீங்க, நாளுக்கு ஒரு பாத்திரம்னு பிரிச்சுக்கோங்க.

கையில சுத்தமான ஐசோலேட் வந்தாச்சு, இனி இது யாரு. மொத கேள்விக்கு பதில் 16எஸ் ஆர்ஆர்என்ஏ ஜீன் (எல்லா பாக்டீரியாலயும் இருக்கிற அடையாள ஜீன்), கிட்டத்தட்ட 1500 பேஸ் (டிஎன்ஏ எழுத்து) நீளம், 27எஃப் 1492ஆர்ங்கிற பிரைமர் (ஜீனோட முனைய பிடிக்கிற சின்ன டிஎன்ஏ துண்டு) ஜோடி போட்டா முழுசா வரும். பாதி நீளத்த வச்சு புதுசுன்னு குதிக்காதீங்க. சீக்வென்ஸ பிளாஸ்ட்ல (சீக்வென்ஸ் ஒப்பிடுற தேடல் கருவி) போட்டா மேல வர்றது பெரும்பாலும் வளர்க்கப்படாத பாக்டீரியான்னு பேர் போட்ட குளோன், அதோட ஒத்துப் போறதால ஒரு உபயோகமும் இல்ல, டைப் ஸ்ட்ரெயினோட (ஒரு இனப் பேருக்கு அதிகாரபூர்வ மாதிரியா இருக்கிற ஸ்ட்ரெயின்) தான் ஒப்பிடணும், அதுக்கு ஈசிபயோகிளவுட் தளம் சவுகரியம். 98.65 சதவீதத்துக்கு கீழ இருந்தா புது இனமா இருக்க நல்ல வாய்ப்பு. முன்னாடி 97ன்னு சொல்லிட்டு இருந்தாங்க, பழைய பேப்பர்ல அத பாத்து குழம்பாதீங்க. 94.5க்கு கீழன்னா புது பேரினம், 86.5க்கு கீழன்னா புது குடும்பம்னு தோராயமா வச்சுக்கலாம், 75க்கு கீழ போச்சுன்னா புது ஃபைலம் (பெரும் பிரிவு), அப்ப முதல்ல உங்க சீக்வென்ஸ் கைமெரா (ரெண்டு வேற டிஎன்ஏ ஒட்டி வந்த போலி) இல்லையான்னு பாருங்க, சந்தோஷம் அப்புறம். இன்னொரு எச்சரிக்கை, சில ஆழ்கடல் ஆளுங்களுக்கு இந்த ஜீன் நிறைய காப்பி இருக்கும், போட்டோபாக்டீரியம் ப்ரொஃபண்டம் எஸ்எஸ்9ல 15, காப்பிக்கு காப்பி கொஞ்சம் மாறவும் செய்யும், சாங்கர் சீக்வென்ஸ் படத்துல பீக் ரெண்டு ரெண்டா விழுந்தா உடனே கலப்படம்னு முடிவு கட்டாதீங்க.

98.65க்கு மேல வந்தாலும் கதை முடிஞ்சதுன்னு இல்ல, 99 சதவீதம் ஒத்துப்போயும் வேற இனமா இருக்கிறது உண்டு. தீர்ப்பு சொல்றது ஜீனோம், அதாவது மொத்த டிஎன்ஏ. முழு ஜீனோம் எடுத்து பக்கத்து சொந்தத்தோட டைப் ஸ்ட்ரெயின் ஜீனோமோட ஏஎன்ஐ (ரெண்டு ஜீனோமோட சராசரி ஒற்றுமை சதவீதம்) பாருங்க, 95ல இருந்து 96க்கு கீழன்னா வேற இனம், டிஜிட்டல் டிடிஹெச் (ஜீனோம் ஒற்றுமைக்கு இன்னொரு கணக்கு) 70க்கு கீழன்னா வேற இனம். ரெண்டும் ஒரே பக்கம் சொன்னா நிம்மதி. ஜெர்மன் கல்ச்சர் கலெக்ஷன் டிஎஸ்எம்இசட் நடத்துற டிஒய்ஜிஎஸ் சர்வர்ல ஜீனோம ஏத்தினா பக்கத்து டைப் ஸ்ட்ரெயினையெல்லாம் அதுவே தேடி வம்ச மரமும் போட்டு கொடுக்கும், இலவசம். ஒரே இனத்துக்குள்ள ஜிசி அளவு (டிஎன்ஏல ஜி, சி எழுத்துகளோட பங்கு) ஒரு சதவீதத்துக்கு மேல மாறாது, அதுவும் ஒரு குறுக்கு சரிபார்ப்பு. பேரினம் புதுசுன்னு சொல்லணும்னா தான் தலைவலி, அதுக்கு எல்லாரும் ஒத்துக்கிற ஒரு நம்பர் இல்ல, ஏஏஐ (புரதங்களோட சராசரி ஒற்றுமை), பிஓசிபி (பொதுவா இருக்கிற புரதங்களோட சதவீதம்), மரத்துல எங்க நிக்குதுங்கிறது எல்லாத்தையும் சேத்து வாதாடணும்.

வளரவே மாட்டேங்குதுன்னா சேத்துல இருந்து நேரா டிஎன்ஏ எடுத்து மெட்டாஜீனோம் (சேத்துல உள்ள எல்லாரோட டிஎன்ஏவையும் ஒண்ணா படிக்கிறது) போய், அதுல இருந்து ஒவ்வொரு ஜீனோமா பிரிச்சு கட்டலாம். தரமானதுன்னு சொல்ல 90 சதவீதத்துக்கு மேல முழுமையும் 5 சதவீதத்துக்கு கீழ கலப்படமும் வேணும், ஆர்ஆர்என்ஏ ஜீன்களும் உள்ள இருக்கணும், பலரோட ஜீனோம்ல 16எஸ் தான் காணாம போகும். ஜிடிடிபிங்கிற ஜீனோம் வகைப்பாட்டு தரவுத்தளத்துல ஓட்டினா இடம் தெரிஞ்சுடும். இங்க ரெண்டு பொறி இருக்கு. ஒண்ணு, செத்த செல்லோட டிஎன்ஏ களிமண்ண பிடிச்சுக்கிட்டு சேத்துலயே ரொம்ப நாள் கிடக்கும், சீக்வென்ஸ்ல வந்தது எல்லாம் உயிரோட இருக்குன்னு நம்பாதீங்க. ரெண்டு, செல் கம்மியா உள்ள சேத்துல டிஎன்ஏ எடுக்குற கிட்டுக்குள்ளயே இருக்கிற பாக்டீரியா டிஎன்ஏ தான் அதிகமா வரும், 2014ல சால்ட்டர் குழு இத விலாவாரியா காட்டினாங்க, அதனால சேறே போடாம ஒரு வெற்று டியூப கடைசி வரைக்கும் கூடவே ஓட்டுங்க. ரால்ஸ்டோனியாவும் பிராடிரைசோபியமும் ஆழ்கடல்ல கிடைச்சதுன்னு எழுதுறதுக்கு முன்னாடி அந்த வெற்று டியூப பாத்துக்கோங்க. சேத்துல மக்கின பொருள்ல இருந்து வர்ற ஹியூமிக் அமிலம் பிசிஆர (டிஎன்ஏவ நகலெடுத்து பெருக்குறது) கெடுக்கும், பேண்டு வரலன்னா (ஜெல்ல கோடு தெரியலன்னா) போடுற டிஎன்ஏவ கூட்டாதீங்க, பத்து மடங்கு குறைச்சு பாருங்க.

மத்த டெஸ்டெல்லாம் வழக்கமானது, வேகமா சொல்லிடுறேன். கிராம் சாயம், கேட்டலேஸ், ஆக்சிடேஸ், எந்த வெப்பநிலை எந்த உப்பு எந்த பிஹெச் வரைக்கும் வளருதுன்னு ஒரு வரம்பு, ஏபிஐ ஸ்ட்ரிப் (ரெடிமேட் உயிர்வேதி டெஸ்ட் பட்டை), அப்புறம் செல் சவ்வுல உள்ள கொழுப்பு அமிலம், குயினோன், போலார் லிப்பிட். முக்கியம் என்னன்னா பக்கத்து இனத்தோட டைப் ஸ்ட்ரெயின கலெக்ஷன்ல இருந்து வாங்கி ஒரே மீடியா, ஒரே வெப்பநிலை, ஒரே வயசுல பக்கத்துல பக்கத்துல வச்சு செய்யணும். கொழுப்பு அமிலம் குளிருக்கும் அழுத்தத்துக்கும் தகுந்த மாதிரி மாறுற சமாச்சாரம், வேற பேப்பர்ல இருந்து நம்பர எடுத்து டேபிள்ல ஒட்டினா ரிவ்யூவர் அங்கதான் பிடிப்பார்.

பேருக்கு வருவோம். லத்தீன் இலக்கணம் வேணும், பேரினத்தோட பாலுக்கு தகுந்த மாதிரி இனப் பேரோட விகுதி மாறணும், எல்பிஎஸ்என்ங்கிற பேர் பட்டியல்ல ஏற்கனவே இருக்கான்னு தேடணும், உங்க பேரையே வச்சுக்கிறது மரியாதை இல்ல. கிடைச்ச இடம், அதோட குணம், இல்ல அந்த துறைல உழைச்ச ஒருத்தர், இதுல ஒண்ண எடுங்க, மோரிட்டெல்லா யாயனோசி அப்படி வந்த பேர் தான். ஐஜேஎஸ்இஎம்ங்கிற ஜர்னல்ல வெளியிட்டா பேர் நேரா செல்லுபடி ஆகும், வேற ஜர்னல்ல போட்டா அவங்களோட வேலிடேஷன் லிஸ்டுக்கு தனியா அனுப்பணும். உயிருள்ள கல்ச்சர் ரெண்டு வேற நாட்டுல உள்ள ரெண்டு கலெக்ஷன்ல இருக்கணும், ஜெர்மனில டிஎஸ்எம்இசட், ஜப்பான்ல ஜேசிஎம், கொரியால கேசிடிசி மாதிரி. வளர்க்க முடியாத ஆளுக்கு கேண்டிடேட்டஸ்னு முன்னாடி போட்டு எழுதலாம், இல்லன்னா 2022ல வந்த சீக்கோடு (ஜீனோம் அடிப்படைல பேர் வைக்கிற விதிமுறை) வழியா ஜீனோமையே டைப்பா வச்சு பதிவு பண்ணலாம், இதுல எது சரின்னு துறைக்குள்ள இன்னும் சண்டை ஓயல, எனக்கு கேட்டா கல்ச்சர் முடியும்னா கல்ச்சர் தான்.

கலெக்ஷன்காரங்க வாங்கினதும் சர்டிபிகேட் கொடுத்துட மாட்டாங்க, அவங்க லேப்ல வளத்து, சுத்தமா இருக்கா, 16எஸ் ஒத்துப்போகுதான்னு பாத்துட்டு தான் தருவாங்க, மெதுவா வளர்ற ஆளுன்னா அதுக்கே மாசங்கள் போகும். அழுத்தம் இல்லாம வளராததுன்னா பல இடத்துல வாங்கவே மாட்டாங்க, அனுப்புறதுக்கு முன்னாடி கேட்டுக்கோங்க. அதனால ஏஎன்ஐ நம்பர் வந்த அன்னைக்கே ரெண்டு பார்சலையும் கட்டி, உள்ள எந்த மீடியா, எந்த வெப்பநிலை, எத்தனை வாரம் காத்திருக்கணும்னு ஒரு சீட்டு எழுதி போட்டு அனுப்பிடுங்க, பேப்பர அதுக்கப்புறம் உக்காந்து எழுதலாம்.